கிரேக்கத் தீவுகளில் பாய்மரப் படகு வாழ்க்கை: 50 லட்சம் இருந்தா போதுமா? ஒரு சிஏ போடும் கணக்கு



ஆஃபீஸ் வேலை முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு யூடியூப் திறக்கறீங்க. நீலக் கடல், வெள்ளைப் பாய், பின்னாடி ஒரு கிரேக்கத் தீவு. 'வேலையை விட்டோம், வீட்டை வித்தோம், படகுல குடியேறிட்டோம்'னு ஒரு ஜோடி சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. படகோட விலை 50,000 யூரோவாம். உடனே மனசு கணக்குப் போடும்: அட, நம்ம ஊர்ல ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட்டை விடக் கம்மியா இருக்கே!

இந்த ஆசையைக் கிண்டல் பண்ண நான் வரலை. 30 வயசுல கடல் மேல மூணு மாசம் வாழணும்னு தோணறது நல்ல ஆசைதான். ஆனா அந்த 50,000 யூரோங்கறது டிக்கெட் விலை மாதிரி ஒரு தடவை கட்டிட்டு மறக்கற காசு இல்லை. ஒரு படகுக்கு வருஷத்துல 365 நாளும் செலவு ஓடும். உங்க பாஸ்போர்ட்டும் உங்க ஆஃபீஸ் லீவும் அதுல எத்தனை நாளை அனுபவிக்க விடும்? மொத்தக் கணக்கும் இந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது. வாங்க, வரிசையா பார்க்கலாம்.

முதல்ல, அங்க வாழ்க்கை எப்படி இருக்கும்?

கிரேக்கத்துக்கு மேற்குப் பக்கம் அயோனியன் கடல். கோர்ஃபு, பாக்சோஸ், லெஃப்கடா, இத்தாக்கா, கெஃபலோனியா எல்லாம் இங்க இருக்கு. கோடையில காலையில காத்து குறைவா இருக்கும், மதியத்துக்கு மேல மிதமா அடிக்கும். புதுசா கத்துக்கறவங்க பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிப்பாங்க.

கிழக்குப் பக்கம் ஏஜியன் கடல். பாரோஸ், நக்சோஸ், மைகோனோஸ், சாண்டோரினி எல்லாம் இந்தப் பக்கம். ஜூலை, ஆகஸ்ட்ல இங்க 'மெல்டெமி'னு ஒரு வடக்குக் காத்து அடிக்கும். வானம் பளிச்சுனு இருக்கும், காத்து மட்டும் நாள்கணக்கா நிக்காது. நல்ல அனுபவம் உள்ளவங்களே துறைமுகத்துல மூணு நாலு நாள் கட்டிப்போட்டு உக்கார்ந்திருப்பாங்க. அப்படி இருக்கும்போது 'ஞாயித்துக்கிழமை ஃபிளைட், சனிக்கிழமைக்குள்ள ஏதென்ஸ் போயே ஆகணும்'னு கிளம்பறதுதான் ஆபத்து. கடல்ல பிளான் போடும்போது பஃபர் நாள் கட்டாயம் வைக்கணும், நம்ம எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி.

இன்னொரு விஷயம். போஸ்டர்ல பார்க்கற சாண்டோரினியில படகை நிறுத்த இடம் கிடைக்கறதே கஷ்டம். வெள்ளை வீடுகளுக்குக் கீழே இருக்கற அந்தக் கடல், எரிமலை வெடிச்சு உள்வாங்கின பள்ளம். பெரும்பாலான இடத்துல நங்கூரம் எட்டாத ஆழம். படகுல போறவங்க ரசிக்கற இடங்கள் பெரும்பாலும் நாம பேர் கேள்விப்படாத சின்ன வளைகுடாக்கள்தான்.

தினசரி வாழ்க்கைக்கு வருவோம். தண்ணி டேங்க்ல சில நூறு லிட்டர்தான் இருக்கும், அதுல குளியல், பாத்திரம், சமையல் எல்லாம் அடங்கணும். கரண்ட்டுக்கு சோலார் பேனலும் பேட்டரியும். ஃபிரிட்ஜ்தான் அதிகம் இழுக்கும். டாய்லெட்டை சின்ன பம்ப் வச்சுக் கையால அடிக்கணும், அதுல பேப்பர் போடக்கூடாது. கேஸ் சிலிண்டர் சின்னது. அதனால படகுல வாழற வெள்ளைக்காரங்க பலரும் பிரஷர் குக்கர் வச்சிருப்பாங்க. இந்த ஒரு விஷயத்துல நமக்கு டிரெயினிங் தேவையில்லை!

படகைக் கரையில கட்டறதே ஒரு கலை. முன்னாடி நங்கூரத்தை இறக்கிட்டு, ரிவர்ஸ்ல வந்து, பின்பக்கத்தைக் கரையோட கட்டணும். பக்கத்துப் படகுல இருக்கற எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க. ஆனா செலவு குறைவு. பல கிராமத்துத் துறைமுகங்கள்ல கட்டணம் கொஞ்சம்தான். அயோனியன் பக்கம் சில டவெர்னாக்கள், அதாவது ஊர் உணவகங்கள், தங்களோட சொந்த மேடையில இலவசமா கட்ட விடும். ராத்திரி சாப்பாடு அவங்ககிட்டயே சாப்பிடணும், அவ்வளவுதான். வளைகுடாவுல நங்கூரம் போட்டுத் தூங்கினா பெரும்பாலும் காசே கிடையாது.

அப்போ செலவு எங்கதான் ஆகுது?

படகு நமக்குக் கொடுக்கற பில்

ஒரு உதாரணம் எடுப்போம். 36 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் நீளம், 20 வருஷப் பழைய படகு. விலை 50,000 யூரோ. கணக்கு சுலபமா இருக்க 1 யூரோ = 100 ரூபாய்னு வச்சுக்குவோம். ஆக 50 லட்சம். கீழே இருக்கறது எல்லாம் பட்ஜெட் போடறதுக்கான தோராயம். சீசன், தீவு, படகோட நிலைமை பொறுத்து மாறும்.

படகை ஓட்டினாலும் ஓட்டாட்டியும் வருஷா வருஷம் ஆகற செலவு:

- இன்சூரன்ஸ்: 600 யூரோ. கிரேக்கத்துல தேர்ட் பார்ட்டி கவர் கட்டாயம்.
- குளிர்காலத்துல கிரேன் வச்சுத் தூக்கி யார்டுல நிறுத்தி வைக்க: 2,200 யூரோ
- படகோட அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட், என்ஜின் சர்வீஸ்: 1,200 யூரோ
- ரிப்பேர், உதிரி பாகம், பாய் மாத்த ஒதுக்கி வைக்கற தொகை: 2,500 யூரோ
- டெபாய் எனும் கிரேக்கப் படகு வரி: 33 யூரோ

மொத்தம் சுமார் 6,500 யூரோ, அதாவது 6.5 லட்சம். 'படகு விலையில வருஷத்துக்கு 10 சதவீதம் எடுத்து வை'ன்னு பாய்மரக்காரங்க ஒரு பொது விதி சொல்வாங்க. பழைய படகுன்னா அதைத் தாண்டும். இங்க 13 சதவீதம் வருது.

அந்த டெபாய் வரியில ஒரு சூட்சுமம் இருக்கு. 2019 மே மாசம் இது நடைமுறைக்கு வந்தபோது, 10 முதல் 12 மீட்டர் வரை உள்ள படகுக்கு வருஷத்துக்கே 33 யூரோதான். 12 மீட்டரைத் தாண்டினா மீட்டருக்கு 8 யூரோ, அதுவும் மாசா மாசம். 12.5 மீட்டர் படகுன்னா மாசம் 100 யூரோ. இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரிதான். அரை மீட்டர் ஆசையில எந்தப் பக்கம் விழறோம்னு வாங்கறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்.

இதோட ரெண்டு மறைமுகச் செலவு இருக்கு. 50 லட்சம் எஃப்டியில 7 சதவீதத்துல இருந்திருந்தா வருஷம் 3.5 லட்சம் வட்டி வந்திருக்கும். படகு விலை வருஷா வருஷம் இறங்கும். அதுக்கு 2 லட்சம் வச்சுக்குவோம். எல்லாம் சேர்த்தா, நீங்க படகுல காலே வைக்காம இருந்தாலும் வருஷத்துக்கு 12 லட்சம். மாசம் 1 லட்சம் இஎம்ஐ மாதிரி.

என்ஜினையே மாத்தற நிலைமை வந்தா தனியா 10 லட்சத்துக்கு மேல போகலாம். பாய்மரத்தைத் தாங்கற ஸ்டீல் கம்பிகளை 10, 15 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், இன்சூரன்ஸ் கம்பெனியே கேட்கும். அதனாலதான் வாங்கறதுக்கு முன்னாடி தனி சர்வேயர் வச்சுப் படகைத் தண்ணியில இருந்து தூக்கிப் பார்க்கணும்னு சொல்றாங்க. வீடு வாங்கும்போது லீகல் ஒப்பீனியன் எடுக்கற மாதிரி.

365 நாள் செலவு, 90 நாள் அனுமதி

யூடியூப் ஜோடிக்கும் நமக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் பாஸ்போர்ட். கிரேக்கம் ஷெங்கன் பகுதிக்குள்ள இருக்கு. ஷார்ட் ஸ்டே விசாவுல எந்த 180 நாள் காலத்தை எடுத்தாலும் அதிகபட்சம் 90 நாள்தான் இருக்கலாம். அந்த 90 நாளும் ஷெங்கன் முழுக்கச் சேர்த்து. கிரேக்கத்துல 60 நாள் இருந்துட்டு இத்தாலி போனா மீதி 30தான். விசாவுல தூதரகம் குறைவான நாள் போட்டுக் கொடுத்தா அந்த நாள்தான் கணக்கு.

படகுல வாழற மத்த நாட்டுக்காரங்க, நாள் முடிஞ்சதும் பக்கத்துல துருக்கிக்கோ அல்பேனியாவுக்கோ படகை ஓட்டிட்டுப் போயிடுவாங்க. ரோட்ஸ், கோஸ் தீவுகள்ல இருந்து துருக்கிக் கரை கண்ணுக்கே தெரியும். நமக்கும் அந்த வழி உண்டு, ஆனா அங்கேயும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கான விசா விதியை முன்கூட்டியே பார்த்து வச்சிருக்கணும்.

'வொர்க் ஃப்ரம் படகு' பண்ணலாமான்னு யோசிக்கறீங்களா? கிரேக்கத்துல 2021 முதல் டிஜிட்டல் நோமாட் விசா இருக்கு. கிரேக்கத்துக்கு வெளியே உள்ள கம்பெனிக்கு வேலை பார்க்கணும், மாசம் குறைஞ்சது 3,500 யூரோ வருமானம் காட்டணும். நம்ம கணக்குப்படி கையில 3.5 லட்சம். அந்தச் சம்பளம் இருந்தாலும் உங்க ஹெச்ஆர் எழுத்துல அனுமதி கொடுக்கணும். டூரிஸ்ட் விசாவுல போய் ரகசியமா லாகின் பண்ணலாம்கற ஐடியா வேண்டாம். விசா, வரி, கம்பெனியோட டேட்டா பாலிசி, மூணுலயும் மாட்டலாம்.

சரி, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

ரெண்டு பேர் 90 நாள் படகுல இருக்காங்கன்னு வச்சுக்குவோம். சாப்பாடு நாளுக்கு 30 யூரோ வீதம் 2,700. துறைமுகக் கட்டணம் 800. டீசல், கேஸ், தண்ணி 600. இன்டர்நெட் 150. ஃபிளைட், விசா, டிராவல் இன்சூரன்ஸ் 1,700. மொத்தம் 5,950 யூரோ, சுமார் 6 லட்சம்.

படகோட நிரந்தரச் செலவு 12 லட்சத்தையும் சேர்த்தா 18 லட்சம். 90-ஆல வகுத்தா ஒரு ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 20,000 ரூபாய்.

இப்போ வாடகைப் படகைப் பார்ப்போம். மே அல்லது அக்டோபர் மாதிரி சீசன் ஓரத்துல 38 அடி படகு வாரத்துக்கு 1,800 யூரோன்னு வைங்க. ஆகஸ்ட்ல இது ரெண்டு மடங்குகூட ஆகும். ஓட்டத் தெரியாததால ஸ்கிப்பர், நாளுக்கு 200 வீதம் 1,400. கிளீனிங், டீசல், துறைமுகம் எல்லாம் 550. சாப்பாடு ஸ்கிப்பருக்கும் சேர்த்து 1,250. மொத்தம் 5,000 யூரோ. அஞ்சு நண்பர்கள் பங்கு போட்டா தலைக்கு 1 லட்சம். ரெண்டு பேருக்கு ராத்திரிக்கு சுமார் 28,500 ரூபாய். ஃபிளைட், விசா தனி.

அப்போ சொந்தப் படகுதானே மலிவு? ஆமா, 90 ராத்திரி இருந்தா! இதுலதான் பலரும் ஏமாறுவாங்க. வேலையில இருக்கற உங்களுக்கு வருஷத்துல எத்தனை நாள் லீவு? 20 நாள் மட்டும் போனீங்கன்னா, அந்த 12 லட்சம் 20 ராத்திரி மேல விழும். நிரந்தரச் செலவு மட்டுமே ராத்திரிக்கு 60,000 ரூபாய்!

பிரேக் ஈவன் கணக்கு இதுதான். சொந்தப் படகுல ஃபிளைட் தவிர்த்து ஒரு ராத்திரிக்குக் கூடுதலா ஆகற செலவு சுமார் 4,700. வாடகைப் படகுல 28,500. வித்தியாசம் 23,800. 12 லட்சத்தை இதால வகுத்தா 50 வரும்.

அதாவது, வருஷா வருஷம் 50 ராத்திரிக்கு மேல படகுல தங்கப் போறீங்கன்னா மட்டும் சொந்தமா வாங்கறதைப் பத்தி யோசிங்க. அதுக்குக் கீழேன்னா வாடகைதான் லாபம். ஒரு வருஷ ஆர்வத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, தொடர்ந்து அஞ்சு வருஷம் 50 ராத்திரி போக முடியுமான்னு கேளுங்க.

வேலையை விட்டுட்டுப் போறவங்களுக்கு இன்னொரு வரி சேரும்: சம்பளம். மாசம் 1 லட்சம் வாங்கறவர் ஆறு மாசம் போனா 6 லட்சம் வரவு நிக்குது. பிளஸ் அந்த 50 லட்சம் 20 வருஷம் 10 சதவீதத்துல வளர்ந்திருந்தா 3.36 கோடி ஆகியிருக்கும். 10 சதவீதம் உத்தரவாதம் இல்லைதான். ஆனா படகு விலை ஏறாதுங்கறதை நம்பிச் சொல்லலாம்.

வரியும் ஆர்பிஐயும்: இதை எந்த வீடியோவுலயும் சொல்ல மாட்டாங்க

1. பணம் அனுப்ப: எல்ஆர்எஸ் விதிப்படி ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். சொந்த முதலீட்டு நோக்கத்துக்கு அனுப்பற பணத்துக்கு பேங்க் கடன் தரக் கூடாதுன்னு ஆர்பிஐ சொல்லுது. அதனால பர்சனல் லோன் எடுத்துப் படகு வாங்கற ஐடியாவை இங்கேயே விட்டுடுங்க. படகு வாங்கத்தான் பணம்னு பேங்க்ல சொல்லி, எந்த நோக்கத்துல அனுப்பணும்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க.

2. டிசிஎஸ்: 2025 ஏப்ரல் முதல், படிப்பு, மருத்துவம் போன்ற தனிப் பிரிவுகள் தவிர மத்த காரணங்களுக்கு 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா, மேல இருக்கற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ். 50 லட்சம் அனுப்பினா 8 லட்சம் கூடுதலாக் கட்டணும். ரிட்டர்ன்ல கிளெய்ம் பண்ணிக்கலாம்தான், ஆனா அதுவரை அந்தப் பணம் கையில இருக்காது.

3. 'நான் என்ஆர்ஐ ஆயிடுவேன்ல?': அவசரப்படாதீங்க. வேலைக்காக வெளிநாடு போறவங்களுக்குத்தான் 182 நாள் சலுகை. சுத்திப் பார்க்கப் போறவங்க அந்த நிதியாண்டுல 60 நாளாவது இந்தியாவுல இருந்து, அதுக்கு முந்தின நாலு வருஷத்துல மொத்தம் 365 நாள் இருந்திருந்தா ரெசிடென்ட்தான். ஏப்ரல்ல போய் அக்டோபர் கடைசியில திரும்பினாலும் மார்ச் வரை 150 நாள் ஆகிடும். நீங்க ரெசிடென்ட், உலக வருமானம் முழுக்க இங்க கணக்கு.

4. ஷெட்யூல் எஃப்ஏ: அங்க ஒரு பேங்க் அக்கவுன்ட் திறந்தீங்கன்னா, பேலன்ஸ் எவ்வளவு கம்மியா இருந்தாலும் ரிட்டர்ன்ல காட்டணும். கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் வரை அபராதம் இருக்கு. 2024 அக்டோபர் முதல், அசையா சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லை. அதுக்காகக் காட்டாம விடலாம்னு அர்த்தம் இல்லை.

5. வாட்: ஐரோப்பிய யூனியன்ல படகு வாங்கினா, வாட் கட்டின ஆதாரம் இருக்கான்னு முதல்ல கேளுங்க. கிரேக்கத்துல வாட் 24 சதவீதம். எந்த நாட்டுக் கொடியில பதிவு பண்ணப் போறீங்கங்கறதையும் முடிவு பண்ணிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கணும். சில நாடுகள் தங்கள் குடிமக்களுக்கு மட்டும்தான் கொடி கொடுக்கும்.

வேலையை விடறதுக்கு முன்னாடி

கிராஜுவிட்டிக்கு 5 வருஷ சர்வீஸ் பார்ப்பாங்க. 4 வருஷம் 3 மாசத்துல 'கடல் கூப்பிடுது'ன்னு பேப்பர் போட்டா அந்தப் பணம் போயிடும். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோட முடியும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. வேலையில இருக்கும்போதே சொந்த பாலிசி எடுத்து வெயிட்டிங் பீரியடை ஓட விடுங்க. டிராவல் இன்சூரன்ஸ்ல பாய்மரப் படகுப் பயணம் கவர் ஆகுதான்னு விலக்குப் பட்டியலைப் படிச்சுப் பாருங்க. திரும்பி வந்து வேலை தேட ஆறு மாசச் செலவு தனியா இருக்கணும், அதை டிரிப் பட்ஜெட்ல கலக்காதீங்க.

என் ஆலோசனை: மூணு படி

முதல் படி, நம்ம ஊர்ல கத்துக்கோங்க. சென்னைத் துறைமுகத்துல ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல இருந்து இருக்கு. சின்னப் பாய்மரப் படகுல காத்து எப்படி வேலை செய்யுதுன்னு சில வார இறுதிகள்ல புரிஞ்சிடும். கடல் மயக்கம் வருதான்னும் தெரிஞ்சிடும். இதைத் தெரிஞ்சுக்க 50 லட்சம் தேவையில்லை!

ரெண்டாவது படி, ஒரு வாரம் வாடகை. அஞ்சு பேர் சேருங்க, அயோனியன் பக்கம் போங்க, ஸ்கிப்பரோட. ஃபிளைட், விசா சேர்த்துத் தலைக்கு சுமார் 1.85 லட்சம். மாசம் 10,000 ரூபாய் ஆர்டி போட்டா ஒன்றரை வருஷத்துல ரெடி. மூணு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணம், அதனால ஈக்விட்டி ஃபண்ட்ல போடாதீங்க. ஸ்கிப்பர் இல்லாம எடுக்கணும்னா ஒருத்தருக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழும், கூட இன்னொருத்தருக்கு அனுபவமும் இருக்கணும்.

மூணாவது படி, 90 நாள். அந்த ஒரு வாரம் முடிஞ்சும் ஆசை குறையலைன்னா, வேலையை விடாம சம்பளமில்லா நீண்ட லீவு கேட்டுப் பாருங்க. வாடகைக்கு எடுத்தோ, தெரிஞ்ச படகுக்காரரோட செலவைப் பகிர்ந்தோ ஒரு முழு சீசன் வாழ்ந்து பாருங்க. மெல்டெமியில நாலு நாள் மாட்டி, என்ஜின் ஒரு தடவை மக்கர் பண்ணி, துவைச்ச துணி காயாம, அதுக்கப்புறமும் 'அடுத்த வருஷமும் வரணும்'னு தோணினா, அப்போ உங்களுக்கு அந்த 50 ராத்திரிக் கணக்கு ஒத்துவரும். சொந்தப் படகு பார்க்க ஆரம்பிக்கலாம்.

இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. எக்ஸல் திறந்து மூணு எண் எழுதுங்க: வருஷத்துல உண்மையிலேயே எத்தனை ராத்திரி போக முடியும், எமர்ஜென்சி ஃபண்டையும் வீட்டுப் பொறுப்பையும் தொடாம எவ்வளவு எடுக்க முடியும், திரும்பி வந்ததும் எத்தனை மாசம் சம்பளம் இல்லாம ஓட்ட முடியும். அந்த மூணு எண்ணையும் கீழே எழுதுங்க, அடுத்த வீடியோவுல சிலருடைய கணக்கை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.